அததைக்கு ஒரு கடிதம்

நாந்த், பிரான்ஸ்
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும்,

சேலையூரில் மழை உண்டா? கேம்ப் ரோட்டில் தோண்டிய பள்ளத்தை மூடினார்களா, இல்லை பக்கத்திலேயே துணைக்கு இன்னொன்று தோண்டிவிட்டார்களா?

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே ஒரு பார்சல் வரும். உள்ளே பீங்கான் கிண்ணம் ஒன்று இருக்கும். அதில் எழுத்துப்பிழை இருக்கிறது. அது என் பிழை இல்லை. முப்பத்திரண்டு வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்த மாமா அதைப் பார்த்ததும் சிவப்புப் பேனாவைத் தேடுவார். கொஞ்சம் பிடித்து வையுங்கள். கடைசியில் விளக்கம் சொல்கிறேன்.

ஒவ்வொரு ஞாயிறும் போனை எடுத்ததும் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: "என்னடா சாப்பிட்டே?" மூன்று வருஷமாக என் பதிலும் ஒன்றுதான்: "ரசம் சாதம், அப்பளம்." முழுப் பொய் இல்லை, வாரத்தில் ஐந்து நாள் அதுதான். ஆனால் இந்த ஆகஸ்ட் லீவில் ஒரு வாரம் கிராமத்துப் பக்கம் போய்வந்தேன். அங்கே சாப்பிட்டதையெல்லாம் போனில் சொல்ல ஆரம்பித்தால், நீங்கள் பாதியில் "அடுப்புல பொரியல் தீயுது, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். மாமா சத்தமாகப் படிக்கட்டும், நீங்கள் காய் நறுக்கிக்கொண்டே கேளுங்கள்.

நான் போனது நாட்டின் மேற்கு மூலை, பிரெத்தாஞ் என்கிற பிரதேசம். இங்கிலீஷ்காரர்கள் பிரிட்டனி என்பார்கள். மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் மழை. ஆபீஸில் என் பக்கத்து சீட்டுப் பையனின் பாட்டி அங்கே பொன்-லாபே என்கிற ஊருக்கு அருகில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். "வா, பாட்டி சமைப்பாள்" என்றான். எங்கே, எப்போது என்றுகூடக் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டேன்.

வழியில் ஓர் அவமானம். ஒரு சின்ன ஊரில் மதியம் இரண்டேகாலுக்குச் சாப்பிட இறங்கினோம். கடை திறந்திருக்கிறது. உள்ளே ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாதி மேஜை காலி. கடைக்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "சமையல் முடிந்துவிட்டது" என்றார். மறுபடி அடுப்பு எப்போது பற்றும்? சாயங்காலம் ஏழு மணிக்கு. நடுவில் ரொட்டித் துண்டாவது? ரொட்டிக்கடை மத்தியானத் தூக்கத்தில் இருந்தது. ராத்திரி கடைசி ரயிலில் வந்து இறங்குகிறவனுக்கும் புரோட்டா தட்டுகிற சத்தம் கேட்கும் தாம்பரத்தில் பிறந்தவன், அன்றைக்குக் காரில் உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தை இரண்டாகப் பிய்த்துப் பகிர்ந்து சாப்பிட்டேன். இந்த ஊரில் பசி என்பது நமக்கு எடுப்பது இல்லை அத்தை, மணி அடித்து அவர்கள் கொடுப்பது.

பாட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆறு மணி. பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. என் பிரெஞ்சு ஆபீஸ் பிரெஞ்சு. "மீட்டிங் எத்தனை மணிக்கு" என்று கேட்கத் தெரியும், "போதும், வயிறு நிறைந்துவிட்டது" என்று சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பலன் இருந்திருக்காது. உங்களிடம் தமிழிலேயே சொல்லி இதுவரை நடந்ததில்லையே.

பின்கட்டுத் தாழ்வாரத்தில் வட்டமாக ஓர் இரும்புக்கல். பக்கத்தில் ஒரு குண்டான் நிறைய சாம்பல் நிற மாவு. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தோசை! அவர்கள் ஊரில் அதற்கு இரண்டு பேர். பிரதேசத்தின் கிழக்குப் பக்கம் 'காலெத்' என்பார்கள், மேற்கே 'க்ரேப்' என்பார்கள். எது சரி என்று கேட்டால் சாம்பாரா குழம்பா என்று நம் வீட்டில் நடக்கிற மாதிரி அரைமணி நேரம் ஓடும், நான் தலையிடவில்லை. மாவுக்குக் கறுப்புக் கோதுமை என்று பேர். ஆனால் கோதுமைச் சாதியே இல்லை. வடநாட்டுக்காரர்கள் நோன்பு நாளில் சாப்பிடுகிறார்களே, குட்டு மாவு, அதுதான். நல்ல கோதுமை வராத ஏழை மண்ணிலும் இது விளைந்துவிடும். ஒரு காலத்தில் இல்லாதவன் சோறு. இன்றைக்கு இதற்காகப் பாரிஸ்காரன் ரயிலேறி வருகிறான். நம் கேழ்வரகும் கம்பும் இப்போது ஏசி கடையில் ஏறி உட்கார்ந்திருக்கிற கதைதான்.

கல்லின் பேர் பிலிக். மாவைப் பரப்ப ரொசெல் என்று ஒரு மரக்குச்சி. மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் தள்ளுகிற கட்டையைப் பொம்மை அளவுக்குச் செய்தால் எப்படியிருக்கும், அதுதான். அதைப் பாட்டி இரண்டு விரலில் பிடித்து, மணிக்கட்டை மட்டும் திருப்பி ஒரே சுற்றில் காகிதம் மாதிரி இழுத்துவிடுகிறார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்கள் ஊரில் கரண்டியால்தான் செய்வோம், கொடுங்கள் காட்டுகிறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். கரண்டி வந்தது. கல்லுக்கு எண்ணெய் தடவ வெங்காயம் கேட்டேன். அவர்கள் பன்றிக் கொழுப்பும் முட்டை மஞ்சளும் கலந்து துணிச் சுருணையில் தொட்டுத் தேய்க்கிறார்கள். வெங்காயத்தைப் பாதியாக வெட்டி முள்கரண்டியில் குத்தி நான் கல்லைத் தேய்த்ததும் பாட்டி, பேரன், பக்கத்து வீட்டுக்காரர் மூவரும் கிட்டே வந்து பார்த்தார்கள், கோயிலில் அபிஷேகம் பார்க்கிற மாதிரி. மாவை ஊற்றி, நடுவிலிருந்து கரண்டியைச் சுழற்றினேன். உளுந்து இல்லாத மாவு அத்தை, புளிக்காத மாவு. கரண்டியோடு கிளம்பி வந்துவிட்டது. கல்லில் மிச்சம் இருந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு மாதிரி, இங்கொரு திட்டும் அங்கொரு பள்ளமும்.

"முதல் தோசை கல்லுக்கு" என்று எங்கள் ஊரில் சொல்வோம் என்று சமாளித்தேன். பேரன் மொழிபெயர்த்தான். பாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். முதல் க்ரேப் எப்போதும் உருப்படாது என்று அவர்களும் சொல்வார்களாம். வாசலில் நாய் ஏற்கெனவே தயாராக நின்றது. அது அனுபவப்பட்ட நாய்.

அதற்குப் பிறகு பாட்டியின் ராஜ்யம். ஒவ்வொன்று போடும்போதும் என்னைப் பார்த்து "க்ராஸ்?" என்று கேட்டார். அது பிரெஞ்சு இல்லை, அந்தப் பக்கத்துச் சொந்த மொழி, பிரெத்தோன். அர்த்தம் கேட்கத் தேவையே இருக்கவில்லை. தோசைக்கல் முன்னால் நின்று ஒரு கிழவி நம்மைப் பார்த்துக் கேட்கக்கூடிய கேள்வி உலகத்தில் ஒன்றுதான்: "முறுகலா?" முறுகல்தான் என்றேன். மேலே வெண்ணெய் ஒரு கட்டி, முட்டை ஒன்று உடைத்து ஊற்றி, நாலு ஓரத்தையும் உள்ளே மடித்துச் சதுரமாகத் தட்டில் வைத்தார். குடிக்க ஒரு குவளையில் வெள்ளையாக ஏதோ வந்தது. வாயில் வைத்தால் மோர். பேர் லே ரிபோ. ரிபோ என்பது வெண்ணெய் கடையும் கட்டை. மத்து, மோர், தோசை. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு டிக்கெட் எடுத்துப் போய் நான் கண்டுபிடித்தது உங்கள் சமையலறையை. ஏழு சாப்பிட்டேன். எட்டாவதை அவர் போட்டார், நான் தடுக்கவில்லை.

மறுநாள் மேஜையில் ஒரு கறுப்புப் பொருள். வட்டமாக வெட்டியிருந்தது, மரத்தை அறுத்தால் தெரியுமே, அந்த மாதிரி வளையம் வளையமாக. பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "இது பன்றிக்குடல். ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்துச் செருகிப் புகை போட்டு உலர்த்தியது. கெமெனே ஊர்ப் பக்குவம். வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடமாட்டார்கள்." நான் தட்டை நீட்டினேன். எங்கள் வீட்டில் குடலுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று பேர் என்றேன். உங்கள் கைக் குடல்குழம்பு இல்லைதான். மிளகு போதாது. ஆனால் மேசையில் மரியாதை கூடிவிட்டது.

மாமா, இந்தப் பத்தி உங்களுக்கு. வெள்ளிக்கிழமை ஆனால் பல்லாவரம் சந்தைக்குப் போய், போன வாரம் வாங்கிய துருப்பிடித்த பொருளுக்குத் துணையாக இன்னொரு துருப்பிடித்த பொருள் வாங்கி வருவீர்களே, அதே வியாதி இங்கேயும் உண்டு. கோடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்துத் தெருவில் ஊர்க்காரர்களே கடை போடுகிறார்கள். பரணில் இருந்ததெல்லாம் தெருவில் இருக்கும். காரணம் சொல்லவே வேண்டாம், அதன் பேரே அவர்கள் மொழியில் 'பரண் காலி'தான். ஓர் உப்பு ஜாடி பார்த்தேன். அத்தையின் ஆவக்காய் ஜாடிக்கு அண்ணன் மாதிரி, பழுப்பு நிறத்தில் இரண்டு காதோடு. விலை பன்னிரண்டு யூரோ. நான் பல்லாவரத்து முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு "மூன்று" என்றேன். கடைக்காரர் தலையை ஆட்டினார். நான் திரும்பி நடந்தேன்.

பல்லாவரத்தில் மூன்றாவது அடி வைப்பதற்குள் "சார், வாங்க சார், கடைசியா ஒரு விலை சொல்லுங்க" என்று முதுகில் குரல் விழும். இங்கே பத்தடி நடந்தேன். இருபதடி நடந்தேன். சர்ச் வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். ஒரு குரலும் இல்லை. திரும்பிப் பார்த்தால் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். பத்து நிமிஷம் சர்ச்சின் அழகை ரசிப்பதுபோல் நின்றுவிட்டு, போய்ப் பன்னிரண்டு யூரோவை வைத்தேன். அவர் வருத்தப்பட்டாரோ என்னவோ, ஒரு மரக்கரண்டியைச் சும்மா கொடுத்தார்.

லோரியாங் என்று ஒரு துறைமுகம் பார்த்தோம். பேரே கீழ்த்திசை என்கிற சொல்லில் இருந்து வந்தது. பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1666-ல் உருவான ஊர். நம் கரையில் நெய்த துணியும் மிளகும் புதுச்சேரியில் கப்பலேறி இங்கேதான் இறங்கின. அந்த ஊரில் எனக்கு ஜலதோஷம். மருந்துக்கடைக்குப் போனேன். இருமல் மருந்து அடுக்குக்குப் பக்கத்தில் சின்ன டப்பா ஒன்று, 'கறி' என்று எழுதியிருக்கிறது. நிஜமாகவே கறிப்பொடி! நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர் மருந்துக்கடைக்காரர் ஒருவர் கப்பலில் வந்த சரக்கை வைத்து இஞ்சி, மஞ்சள், லவங்கம், மிளகாய் எல்லாம் கலந்து செய்த பக்குவமாம். இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் சில மருந்துக்கடைகளில் விற்கிறார்கள், மீனிலும் சிங்கி இறாலிலும் போட. "மிளகு ரசம்தாண்டா மருந்து" என்று நீங்கள் சொன்னபோது நான் சிரித்திருக்கிறேன். மன்னித்துவிடுங்கள். பிரான்சில் அது மருந்துக்கடையிலேயே இருக்கிறது.

அதே பிரதேசத்தின் வடக்குக் கரையில் சேன்-மலோ. 1746-ல் கப்பற்படையோடு வந்து நம் சென்னப்பட்டணத்தை இங்கிலீஷ்காரர்களிடமிருந்து பிடித்தாரே லா பூர்தொனே, அவர் பிறந்த ஊர். மூன்று வருஷம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்காமல் இருந்திருந்தால் தாம்பரத்திலும் இரண்டு மணிக்கு மெஸ்ஸை மூடியிருப்பார்கள். தப்பித்தோம்.

அத்தை, பாட்டி ஒரு நாள் பெட்டியைத் திறந்து அவருடைய அம்மாவின் தலைக்குல்லாயைக் காட்டினார். குல்லாய் என்றால் குல்லாய் இல்லை. வெள்ளை லேஸில் ஒரு கோபுரம். முப்பது சென்டிமீட்டருக்கு மேல் உயரம், குழாய் மாதிரி நட்டமாக நிற்கும். அந்தப் பக்கத்துப் பெண்கள் இதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் மாடு கறந்தார்கள், மீன் விற்றார்கள், பஸ் ஏறினார்கள். லேஸ் எப்படி நிற்கிறது என்று கேட்டேன். பாட்டி கையால் பிசைந்து, பிழிந்து, நீவிக் காட்டினார். கஞ்சி! நீங்கள் காட்டன் புடவைக்குச் சோறு வடித்த கஞ்சி போட்டுக் கொடியில் உலர்த்தினால், அது ஆளில்லாமலே நின்றுவிடும் என்று மாமா கிண்டல் செய்வாரே. இங்கே நிஜமாகவே நிற்கிறது.

லேஸுக்குப் பின்னால் ஒரு பசி இருக்கிறது. 1902, 1903 வாக்கில் இந்தக் கடலில் மத்தி மீன் வராமல் போய்விட்டது. மத்தியை டின்னில் அடைக்கும் ஆலைகள் படுத்துவிட்டன. வீட்டில் உலை ஏறவில்லை. பெண்கள் குரோஷே ஊசியைக் கையில் எடுத்து, அயர்லாந்து மாதிரி லேஸ் பின்னக் கற்றுக்கொண்டு, அதை விற்றுக் குடும்பத்தைக் கரை சேர்த்தார்கள். மாமாவுக்குச் சம்பளம் நின்ற அந்த ஆறு மாதம் நீங்கள் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை, அதைச் சொல்லும் அளவுக்கு என் பிரெஞ்சு போதாது.

இப்போது உப்பு. திரும்பி வரும் வழியில் கெராந்த் என்கிற ஊரில் உப்பளம் பார்த்தோம். இரண்டாயிரம் ஹெக்டேர், கண்ணுக்கு எட்டின வரை பாத்தி. டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போகவேண்டும். நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது இங்கே கேட்கிறது. ஆமாம், உப்பைப் பார்க்க டிக்கெட்.

ஆனால் காட்சி அழகு. கடல் ஏறும்போது மதகைத் திறந்து தண்ணீரை உள்ளே விடுகிறார்கள். பம்பு கிடையாது. ஒரு பாத்தியை விட அடுத்தது ஒரு நூல் தாழ்வு, அவ்வளவுதான். தண்ணீர் தானாக நடந்து, வெயிலில் வற்றிக்கொண்டே, கடைசிப் பாத்திக்கு வரும்போது விரல் நகம் நனையும் ஆழம் இருக்கும். அந்தக் கடைசிப் பாத்திக்கு அவர்கள் வைத்த பேர் 'சின்னக் கண்'. ஒருவர் வெறுங்காலில் களிமண் வரப்பில் நின்று, ஐந்து மீட்டர் நீளக் கழியின் நுனியில் இருக்கும் பலகையால் உப்பை இழுக்கிறார். அடியில் இருக்கும் களிமண்ணைத் தொடக்கூடாது, தண்ணீரைக் கலக்கவும் கூடாது. பாயசத்தில் ஏட்டை மட்டும் எடுப்பீர்களே, அந்தக் கை. அப்படி வருகிற கல்லுப்பு சாம்பல் நிறம். சாயங்காலம் உலர்ந்த காற்று அடித்தால் தண்ணீர் மேலேயே வெள்ளையாக ஆடை படரும். அது மூழ்குவதற்குள் வழித்தெடுக்க வேண்டும். அதற்குப் பேர் உப்புப் பூ. முன்காலத்தில் அதைப் பெண்கள்தான் எடுப்பார்களாம். ஒரு சின்ன டப்பா கிட்டத்தட்ட ஐந்நூறு ரூபாய்.

அந்த உப்புக்காரர் பிரியமாக ஒரு சிட்டிகை எடுத்து என் கையில் கொடுக்க வந்தார். நான் சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். உப்பைக் கையில் வாங்கினால் சண்டை வரும் என்று நீங்கள் சொல்லி வளர்த்தது எங்கே போகும்? "கீழே வையுங்கள், எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். அவர் குழம்பிப்போய்ப் பலகையில் வைத்தார். காரணத்தைச் சொன்னதும் சிரித்தார். அந்த உற்சாகத்தில் "உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது, மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது" என்ற நம் பழமொழியையும் எடுத்துவிட்டேன். அவர் யோசித்து, "மழை வந்தால் எங்கள் பிழைப்பு போச்சு, உண்மைதான். காற்று எங்களுக்கு நல்லது. கஷ்டமெல்லாம் மாவுக்காரனுக்குத்தான்" என்றார்.

மாமா, உங்களுக்குப் பிடித்த சரித்திரமும் அவரிடம் இருந்தது. ராஜா காலத்தில் பிரான்சில் உப்புக்கு வரி. இத்தனை உப்பு வாங்கியே ஆகவேண்டும் என்று கட்டாயம்கூடப் பல இடங்களில் உண்டு. பிரெத்தாஞ் உள்பட சில பிரதேசங்களுக்கு மட்டும் வரி இல்லை. அதனால் எல்லை தாண்டி உப்புக் கடத்தல். நாயைப் பழக்கி அதன் முதுகில் உப்பைக் கட்டி ராத்திரியில் ஓட்டிவிடுவார்களாம். 1790-ல் புரட்சிக்காரர்கள் வரியை ஒழித்தார்கள். 1806-ல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார். மற்ற ஊர்க்காரர்கள் உப்பில்லாத வெண்ணெய் சாப்பிட, இவர்கள் மட்டும் இன்றைக்கும் உப்பு வெண்ணெய் இல்லாமல் சாப்பிடாததற்கு இந்தப் பழைய சலுகைதான் காரணம் என்கிறார்கள். நான் விடுவேனா? 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு அள்ளியதை, நீங்கள் சாப்பாட்டு மேசையில் கையை ஆட்டிச் சொல்வது போலவே சொன்னேன். அவர் கழியை ஊன்றி நின்று கேட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உப்பளம் இருக்கிறதா?" என்றார். இருக்கிறது, வீட்டிலிருந்து ஒரு மணி நேரம், கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் உப்பளம்தான் என்று பெருமையாகச் சொன்னேன். "அங்கே கழி எத்தனை நீளம்? தண்ணீர் எத்தனை பாத்தி தாண்டி வரும்? பூவைத் தனியாக எடுப்பார்களா?"

அத்தை, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காலேஜ் நாலு வருஷமும் அந்த ரோட்டில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். (ஸ்பெஷல் கிளாஸ் என்று உங்களிடம் சொன்ன நாட்களில் நான் கோவளம் கடற்கரையில் இருந்தேன். இத்தனை வருஷம் கழித்து எழுத்து மூலம் ஒப்புக்கொள்கிறேன். திட்டுவதை ஞாயிற்றுக்கிழமை போனில் வைத்துக்கொள்ளுங்கள்.) ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தி இறங்கியதில்லை. கடைசியில் அந்த மனிதரிடம் நான் சொன்ன பதில்: "பஸ்ஸில் இருந்து பார்த்தால் வெள்ளையாக இருக்கும்." அவர் நல்லவர், தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். டிக்கெட் காசு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

சரி, கிண்ணத்துக்கு வருகிறேன். கெம்பேர் என்ற ஊரில் முந்நூறு வருஷத்துக்கு மேலாகப் பீங்கான் செய்கிறார்கள். மண் பாத்திரத்தைச் சுட்டு, வெள்ளைப் பூச்சுக் கரைசலில் முக்கி எடுத்து, அதன் மேல் தூரிகையால் பூவும் ஆளும் வரைந்து, மறுபடி சூளையில் வைக்கிறார்கள். பூச்சு காய்ந்த சுண்ணாம்பு மாதிரி இருக்கும், சாயத்தை உடனே குடித்துவிடும். அழிக்க முடியாது. ஓர் இதழுக்கு ஓர் இழுப்பு. வாசலில் நீங்கள் கோலம் போடும்போது கை நிற்காதே, அதே கை.

அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு காது வைத்த கிண்ணம் இருக்கும். ஆளுக்கு ஒன்று, மேலே அவரவர் பேர். காலையில் அதில்தான் காப்பி ஊற்றி, வெண்ணெய் தடவிய ரொட்டியை முக்கிச் சாப்பிடுவார்கள். பாட்டி வீட்டில் வளர்ந்து ஆளாகி ஊரைவிட்டுப் போன பிள்ளைகளின் கிண்ணமெல்லாம் அலமாரியில் பேரோடு காத்திருந்தது. கடையில் அடுக்கடுக்காக இருந்த பேர்களைப் பார்த்ததும் எனக்குத் தாம்பரம் மார்க்கெட்டின் எவர்சில்வர் கடைதான் ஞாபகம் வந்தது. டிர்ர்ர் என்று மெஷினை வைத்துப் பேர் வெட்டுவாரே! அந்தப் பேரை வைத்துத்தானே நீங்கள் பக்கத்து வீட்டுக்குக் கூட்டோடு போன கிண்ணத்தை எட்டு மாதம் கழித்து மீட்டீர்கள்.

உங்களுக்கு ஒன்று வாங்க நினைத்தேன். தாத்தா, பாட்டி என்று அவர்கள் மொழியில் எழுதிய கிண்ணம்கூட இருந்தது. அத்தை இல்லை. சொன்னால் எழுதித் தருவோம் என்றார் வரைகிற அம்மா. பில்லின் பின்பக்கத்தில் 'அத்தை' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை எழுத்தாக இல்லாமல் ஓவியமாகவே பார்த்து, 'அ'வின் சுழியைக் கண்ணாலேயே மூன்று முறை வரைந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. 'தை'யின் முன்னால் இருக்கும் சுழியில் நின்று ரசித்தார். அத்தனை அழகு. நான் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தேன். இரண்டு நாள் கழித்துச் சூளையிலிருந்து வந்த பிறகுதான் பார்த்தேன்: 'அததை'. புள்ளி இல்லை! கேட்டால், "அது உங்கள் பேனா கசிந்தது என்று நினைத்தேன்" என்றார் பாவம். சுட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

மாமா, பேனாவைக் கீழே வையுங்கள். ஓலைச்சுவடி எழுதியவர்கள் புள்ளி வைக்கமாட்டார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று எட்டாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தானே. இது ஓலைச்சுவடி முறையில் எழுதிய கிண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு வருகிறேன். மழை ஓய்ந்து உப்பளக்காரர்கள் பாத்தியை மிதித்துச் சரிசெய்கிற நேரம். மாட்டுப் பொங்கல் அன்று மூன்று பேரும் கோவளம் ரோட்டுக்குப் போவோம். இந்த முறை நிறுத்தி இறங்குவோம். கழி எத்தனை நீளம் என்று கேட்டு எழுத வேண்டிய பதில் ஒன்று எனக்குப் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்

பி.கு.: புதுப் பாத்திரம் எது வந்தாலும் குங்குமப் பொட்டு வைக்காமல் நீங்கள் அடுப்பில் ஏற்றியதில்லை. இதற்கும் வைப்பீர்கள். இந்த ஒரு தடவை மட்டும், நடுவில் வைக்காமல், முதல் 'த' தலைக்கு மேல் வையுங்கள். சரியாகிவிடும்.